பேனாக்கத்திக்கு என்ன விலை?

கத்தி எதுக்கு? வெட்டத்தானே. ஆனால் வெட்டவே கூடாது என்று செய்யப்பட்ட கத்திகளும் உண்டு. 1976இல் அமெரிக்கா தன் விடுதலையின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது நினைவுப் பேனாக்கத்திகள் பெட்டியில் வைத்து விற்கப்பட்டன. வாங்கியவர் திறந்து பார்த்தார், மூடி வைத்தார். உபயோக மதிப்பைக் கழற்றிவிட்டுப் பரிவர்த்தனை மதிப்பை மட்டும் சேமிக்கிற ஏற்பாடு.

நடந்தது வேறு. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எல்லாமே மிஞ்சிவிட்டன. இன்று அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. மாறாக ரெமிங்டன் கம்பெனி 1920 முதல் 1940 வரை செய்த கத்திகளைப் பாருங்கள். முதல் உலகப்போர் முடிந்து துப்பாக்கி ஆர்டர்கள் வற்றியதும் ஆலையை ஓட்டுவதற்காகச் செய்த சாமான்கள். ஜனங்கள் தீட்டித் தேய்த்தார்கள், உடைத்தார்கள், தொலைத்தார்கள். அதனால்தான் தப்பிய ஒன்றுக்கு அத்தனை மவுசு. அந்த விலையை உண்டாக்கியது சேகரிப்பாளரின் பெட்டகம் அல்ல, தொலைத்தவர்களின் கை என்றே நான் வாசிக்கிறேன். (1982இல் ரெமிங்டன் பெயரிலேயே பழைய ‘புல்லட்’ கத்தி மறுபடி வந்தது. ஏக்கமும் சரக்குதான்.)

சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது அலகு பிடியோடு சேருமிடத்தில் உள்ள முத்திரையை. பென்சில்வேனியாவின் கேஸ் கம்பெனி 1970இல் முத்திரையில் பத்துப் புள்ளிகள் வைத்து, வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்து, 1979இல் ஒன்றுக்கு வந்தது. புள்ளியை எண்ணினால் வருஷம் தெரியும். பிறகு அலகு. சாணை பட்டு ஒடுங்கியிருந்தால் விலை விழும். உழைத்த தடம் அங்கே ஊனம்.

சரி, பண்டம் பிறந்த வருஷம் பதிவாகியிருக்கு. செய்தவன்? கத்தித் தொழிலின் பழைய தலைநகரான ஷெஃபீல்டுக்குத்தான் போகவேண்டும். 1851 லண்டன் பொருட்காட்சிக்காக அங்கே ஜோசப் ராஜர்ஸ் கம்பெனி 75 அலகுள்ள ஒரு கத்தியைச் செய்தது. எதையும் வெட்டுவதற்கல்ல, காட்டுவதற்கு. அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1845இல், எங்கெல்ஸ் அதே ஊரின் சாணைக்காரர்களைப் பற்றி எழுதியிருந்தார். கல்தூசும் உலோகத்தூசும் நெஞ்சில் இறங்கி, உலர்சாணை பிடிப்பவரின் சராசரி ஆயுள் 35ஐ எட்டுவதே அரிது. ஈரச்சாணை பிடிப்பவர் 45ஐத் தாண்டுவது அபூர்வம். தூசியைத் தடுக்கக் கருவி வந்தது. சில இடங்களில் தொழிலாளர்களே அதை உடைத்தார்கள். சாவு குறைந்தால் இந்த வேலைக்கு ஆள் பெருகும், ஆள் பெருகினால் கூலி இறங்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.