கானா

கானா (பெயர்ச்சொல்): வடசென்னை மக்களின் பாட்டு வகை. இந்தியிலும் உருதுவிலும் 'கானா' என்றால் பொதுவாகப் பாட்டு; வடமொழிக் 'கானம்' அதற்கு உறவு. சென்னையில் அது ஒரு தனி வகைக்கே பெயராகிவிட்டது என்பது பரவலான விளக்கம்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவது 'மரண கானா'. ஊரறிந்த சினிமா மெட்டில், இறந்தவரின் பேரையும் குணத்தையும் சொல்லும் புது வரிகளை ஏற்றுவதுண்டு. கேட்பவர் மனசுக்குள் மூலப்பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். காதல் பாட்டு உருகி நின்ற அதே இடத்தில் இங்கே ஒப்பாரி வந்து விழும்போது, இரண்டையும் ஒப்பிட்டுச் சுவைக்கிறது கூட்டம். மெட்டு இரவல்தான், ஆனால் சொல்லும் துக்கமும் அவர்களுடையவை. இதை வெறும் நகல் என்பது அநியாயம்.

கானா சினிமாவுக்கும் போனது. 'காதல் கோட்டை' (1996) படத்தில் தேவாவும், 'சித்திரம் பேசுதடி' (2006) படத்தில் கானா உலகநாதனும் பாடியவை தமிழ்நாடெங்கும் ஒலித்தன. உலகநாதன் பாடியது வாளைமீன், விலாங்குமீன் கல்யாணம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்து ஏலத்தில் அந்த மீன்களைத் தினமும் பார்ப்பவர்களுக்கு அது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்.

வழக்கு: கானா பாடு, கானா கட்டு, கானாக்காரர்.