சந்திர ரேடார் ஆராய்ச்சி

சந்திரனை நோக்கி வானொலி அலைகளைச் செலுத்தி, அங்கிருந்து மீளும் எதிரொலியைக் கொண்டு அதன் மேற்பரப்பையும் அடிப்பரப்பையும் ஆராயும் முறை சந்திர ரேடார் எனப்படும். 1946 ஜனவரி 10ஆம் நாள் அமெரிக்க ராணுவத்தின் தகவல்தொடர்புப் படையினர் நியூ ஜெர்சியிலிருந்து 111.5 மெகாஹெர்ட்ஸ் அலைகளை அனுப்பி, ஏறத்தாழ இரண்டரை விநாடியில் அவை திரும்பக் கண்டனர்; அடுத்த மாதமே ஹங்கேரியில் சோல்டான் பாய் அதனைச் சாதித்தார்.

சந்திரனைப் போர்த்தியுள்ள தூளும் உடைகற்களும் ஒளிக்குத் திரையாக நிற்பினும் வானொலிக்கு ஓரளவு வழிவிடுவன. அலைநீளம் பெருகப் பெருக ஊடுருவும் ஆழமும் பெருகும். ஆதலின் 1972இல் அப்பல்லோ 17 கலம் 60, 20, 2 மீட்டர் அலைநீளங்களில் இயங்கும் சாதனத்தைச் சுமந்து சென்று, எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகளின் கீழ் அடுக்குகள் இருப்பதை உணர்த்திற்று.

தமிழ்நாட்டில், உதகைக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார், மலைச்சரிவின் சாய்வையே பயன்படுத்திப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுவிய 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கி, 1970 முதல் சந்திரன் தொலைதூர வானொலி மூலங்களை மறைக்கும் கணங்களைப் பதிவு செய்து அவற்றின் இடத்தையும் அளவையும் நுட்பமாக வரையறுத்தது. அங்கே சந்திரன் வெறும் திரையே. ஆராயப்பட்ட பொருள் அதன் பின்னாலிருந்தது.

சந்திரனையே பொருளாக்கிய இந்திய முயற்சி, பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரையைத் திட்ட இயக்குநராகக் கொண்டு 2008 அக்டோபர் 22இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-1 ஆகும். அதிலிருந்த அமெரிக்க ரேடார், 12.6 சென்டிமீட்டர் அலைகளைக் கொண்டு, வடதுருவத்தில் கதிரவனொளி என்றும் படாத நாற்பதுக்கு மேற்பட்ட சிறு பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகளைக் கண்டது. எனினும் பனிக்கட்டி தரும் எதிரொலியையே கரடுமுரடான பாறையும் தரக்கூடும் என்பது இத்துறையின் தீராத சங்கடம். பாவும் ஊடையும் வெவ்வேறு நிறமாக நெய்த காஞ்சிபுரப் பட்டை ஒரே கோணத்தில் பார்த்து அதன் நிறத்தைத் தீர்மானிக்க இயலாததுபோல, இதையும் ஒரே அலையால் தீர்மானித்தல் அரிது. ஆகவே 2019 ஜூலை 22இல் முத்தையா வனிதாவின் திட்டப் பொறுப்பில் ஏவப்பட்ட சந்திரயான்-2, அகமதாபாத்தில் உருவான ரேடாரில் 24 சென்டிமீட்டர், 12 சென்டிமீட்டர் என இரு அலைநீளங்களையும், அலையதிர்வின் திசைகள் யாவற்றையும் அளக்கும் வசதியையும் பெற்றது. நீண்ட அலை சில மீட்டர் ஆழம்வரை தொட வல்லது.

2009 ஆகஸ்டில் தொடர்பிழந்து காணாமற்போன சந்திரயான்-1ஐ, 2016 ஜூலையில் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலிருந்து அனுப்பிய அலைகளின் எதிரொலியே கண்டுபிடித்துக் கொடுத்தது. ஒன்றரை மீட்டர் பக்க அளவுள்ள அக்கலம் அப்போதும் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தது.