ஒன்பது அம்புகளும் ஒரு சமையற்காரரும்

டார்ட்ஸ் எனப்படும் அம்பெறி விளையாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர், உலகப் போட்டியில் வாகை சூடியவர்களின் பட்டியலை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுவது வழக்கம். இங்கிலாந்தில் 1978-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் அப்போட்டிகளின் பட்டியலில், 1954-இல் சிங்கப்பூரில் பிறந்த பால் லிம்மின் பெயரைக் காண முடியாது. ஆயினும் அவரை விலக்கி அவ்வரலாற்றை எழுதிவிட இயலாது.

லிம் தொழிலால் சமையற்காரர். இளமையில் இங்கிலாந்து சென்று அக்கலையைப் பயின்றார். அந்நாட்டு மதுக்கடைகளில் உழைப்பாளிகள் மாலை வேளையில் ஆடும் ஆட்டமே அம்பெறி. பின்னர் பப்புவா நியூகினியில் வேலை பார்த்தபோது, 1982-ஆம் ஆண்டு உலகப் போட்டியில் அந்நாட்டின் சார்பில் களமிறங்கினார். அடுத்து அமெரிக்கா, அதன்பின் தாயகமான சிங்கப்பூர். மூன்று கொடிகளின் கீழ் ஆடியவர் என்று இதனைக் குறையாகச் சொல்வாரும் உண்டு. அக்காலத்தில் அம்பெறிந்து குடும்பம் நடத்தியவர் மிகச் சிலரே. பிழைப்பு எங்கே கிடைத்ததோ அங்கிருந்துதான் ஒருவர் ஆட முடிந்தது. இதில் குறைகாண நமக்கு என்ன உரிமை?

இனி ஒரு சிறு கணக்கு. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். ஆட்டக்காரர் 501 என்ற எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே வந்து, மீதமின்றி முடிக்க வேண்டும். ஒரு முறைக்கு மூன்று அம்புகள். ஓர் அம்புக்குக் கூடிய மதிப்பு 60. கடைசி அம்பு இரட்டை மதிப்புள்ள இடத்திலேயே பாய வேண்டும். அதற்குக் கூடிய மதிப்பு 50. எனவே எட்டு அம்புகளால் 470-க்கு மேல் எடுக்க வழியில்லை. ஒன்பதே மிகக் குறைந்த எண்ணிக்கை. இரட்டை வளையத்தின் அகலமோ 8 மில்லிமீட்டர். எறிபவர் நிற்பது 2.37 மீட்டர் தொலைவில்.

1990 ஜனவரியில், பிரிம்லி கிரீன் என்னும் ஊரில் உள்ள லேக்சைட் அரங்கில், அயர்லாந்தின் ஜாக் மெக்கன்னாவை எதிர்த்து ஆடிய லிம் அதனைச் செய்து முடித்தார். முதல் ஆறு அம்புகளில் 360. எஞ்சிய 141-ஐ மும்மடங்கு 20, மும்மடங்கு 19, இரட்டை 12 என்று தீர்த்தார். உலகப் போட்டியில் அதற்குமுன் எவரும் செய்யாத செயல் அது. பரிசு 52,000 பவுன். அவ்வாண்டு பட்டம் வென்ற பில் டெய்லருக்குக் கிடைத்ததோ 24,000 பவுன். இரண்டாம் சுற்றின் ஒரேயோர் ஆட்டத்திற்கு, பட்டத்தைக் காட்டிலும் இருமடங்குக்கு மேற்பட்ட தொகை! தொலைக்காட்சி வந்தபின் இவ்விளையாட்டு எதை விலைமதித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அப்போட்டியை நடத்திய பிரிட்டிஷ் அமைப்பு 2020-இல் கலையும் வரையில், அதன் உலகப் போட்டி அரங்கில் வேறெவரும் அதனைச் செய்யவில்லை.

முதுமையில் இவர் ஓய்ந்துவிடவில்லை. 2017 ஜூனில் ஹாரித் லிம்முடன் இணைந்து சிங்கப்பூருக்காக ஆடி, கேரி ஆண்டர்சன், பீட்டர் ரைட் ஆகியோரைக் கொண்ட ஸ்காட்லாந்து அணியை உலகக் கோப்பையின் முதற் சுற்றிலேயே வெளியேற்றினார். அவ்வாண்டு டிசம்பரில் லண்டன் அலெக்சாண்டிரா மாளிகையில், அதே ஆண்டர்சனுக்கு எதிராக எட்டு அம்புகள் பிழையின்றிப் பாய்ந்தன. மீதம் 24, அதாவது, இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் பாய்ந்த அதே இரட்டை 12. அம்பு விலகிற்று. திரண்டிருந்த ஆங்கிலேய ரசிகர்கள் தங்கள் நாட்டவர் அல்லாத அம்முதியவரின் பெயரையே பாடிக்கொண்டிருந்தனர்.

மூன்றாண்டு கழித்து, 2020 டிசம்பரில், 66 வயதில் அதே அரங்கில் லூக் ஹம்ப்ரீஸ் என்ற 25 வயது இளைஞரை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றார். அந்த இளைஞர் 2024-இல் உலகப் பட்டம் பெற்றார்.