கொச்சி யூதரின் ஆலயமும் விழாக்களும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அரசர் அளித்த சாசனங்களிற் காண்பது ஒரு வழி. அச்சமுதாயம் கொண்டாடிய விழாக்களிற் காண்பது மற்றொரு வழி. கொச்சி யூதரைப் பொறுத்தவரை இவ்விரு வழிகளும் ஓரிடத்திற் சந்திக்கின்றன.

கி.பி. 1000ஆம் ஆண்டளவிற் சேரமன்னன் பாஸ்கர இரவிவர்மன், யோசேப்பு இரப்பான் என்னும் யூதர் தலைவனுக்குச் செப்பேடு வழங்கினான். வட்டெழுத்திற் பொறிக்கப்பட்ட அச்சாசனம் பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, எக்காளம், தோரணம் முதலிய சிறப்புரிமைகளைக் கூறும். இவற்றுட் பெரும்பாலானவை ஊர்வலத்திற்கும் விழாவிற்கும் உரியன என்பது நோக்கற்பாலது. கடல் கடந்து வந்தோரை இம்மண்ணின் மரபு தன்னவராக ஏற்றுக்கொண்ட முறை இதுவாகும்.

மட்டாஞ்சேரியிலுள்ள பரதேசி யூதர் ஆலயம் 1568இல் எழுந்தது. கொச்சி அரசரின் அரண்மனைக் கோயிலுக்கு அயலிலேயே அஃது அமைந்திருத்தல் அரசர் காட்டிய ஆதரவுக்குச் சான்றாகும். 1662இற் போர்த்துக்கேயர் அதனைச் சேதப்படுத்தினர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1663இற் கொச்சியையும் வென்றனர். அதன்பின் ஆலயம் திருத்தியமைக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் மணிக்கூட்டுக் கோபுரமும், நீலவண்ணம் தீட்டிய சீன ஓடுகள் பதித்த தரையும் அதற்கு அணி சேர்த்தன.

ஆண்டு விழாக்களுட் பஸ்கா, எகிப்திய அடிமைத்தனத்தினின்றும் தம் முன்னோர் விடுதலை பெற்றதை நினைவுகூர்வது. அதன்பொருட்டு வீடு முழுவதும் துப்புரவு செய்யப்பட்டுப் புளித்த மா அறவே விலக்கப்படும். இலையுதிர் காலத்தில் வரும் கூடாரப் பண்டிகையின் முடிவில் நிகழ்வது சிம்காத் தோறா என்னும் வேதமகிழ்ச்சி விழா. ஓராண்டு முழுவதும் பகுதி பகுதியாக ஓதப்பட்ட தோறா அன்று நிறைவெய்தி, உடனே மீண்டும் முதலிலிருந்து ஓதத் தொடங்கப்படும்.

சுருள்களை ஏந்தி ஆலயத்தினுள் வலம்வருதல் உலகெங்குமுள்ள யூதருக்குப் பொதுவான வழக்கம். கொச்சியிலோ அன்று பிற்பகல் அவற்றை வெளியே எடுத்து ஆலயத்தைச் சுற்றி வலம்வருவர். இதனை ஆராய்ந்த நேதன் கற்ஸ், எலன் கோல்ட்பேர்க் ஆகியோர் அயலிலுள்ள இந்துக் கோயில்களின் உற்சவ மரபோடு இதனை ஒப்புநோக்கினர். எனினும் இங்கே உலாவருவது திருவுருவமன்று; எழுதப்பட்ட வேதமேயாகும். சூழலின் முறையை ஏற்றுத் தம் கொள்கையைக் கைவிடாமை இதனால் விளங்கும். பெண்கள் திருமணங்களிலும் விழாக்களிலும் மலையாளத்திற் பாடிய பாடல்களும் இதற்குச் சான்றாகும்.

ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு மாசும் உண்டு. அடிமைநிலையினின்று விடுவிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு இவ்வாலயத்திற் சம உரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டது. விடுதலைக்கு விழா எடுத்தவரே தம்மவருள் ஒரு சாராரைத் தாழ்த்தினர். அவ்வகுப்பிற் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சாலெம் (1882–1967) சத்தியாக்கிரக நெறியில் இக்கொடுமையை எதிர்த்து நின்றார்; தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. புறத்தே பெற்ற பெருமை அகத்தே நீதியைத் தந்துவிடுவதில்லை என்பதே இதன் பாடம். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டத்தைக் கண்ட நமக்கு இப்பாடம் அயலாரைப் பற்றியது மட்டுமன்று.

அதே 1968ஆம் ஆண்டு டிசம்பரிற் பரதேசி ஆலயத்தின் நானூறாம் ஆண்டு விழா, பிரதமர் இந்திரா காந்தி பங்குபற்றச் சிறப்புற நடைபெற்றது. ஆனால், 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் கேரள யூதரிற் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பொதுவழிபாட்டிற்குப் பருவமெய்திய ஆடவர் பதின்மர் கூடல்வேண்டும் என்பது அவர்தம் மரபு. இன்று கொச்சியில் எஞ்சியுள்ளோர் மிகச் சிலரே. அத்தொகை அவர்களிடையே நிரம்புவதில்லை.

கட்டடமும் ஓடும் செப்பேடும் காக்கப்படுகின்றன; காண்போரும் பலர் வருகின்றனர். எனினும் விழாவென்பது காட்சிப்பொருளன்று. கூடுவோர் இருக்கும் வரையிலேதான் அது வாழும். கூடுவோர் யாவரும் ஒப்ப நிற்கும்போதே அது தன் பெயருக்கு உரியதாகும்.