நான்கரை வினாடி



1944-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் ஹிட்லரின் ஆலோசனை அறையில் வெடிகுண்டு வைத்த ஸ்டௌபன்பெர்க் பிரபுவைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே, அதே காரியத்துக்காகத் தம் உயிரையும் உடன் கொடுக்க முன்வந்த இளைஞர் ஒருவர் உண்டு. அவர் பெயர் அக்ஸல் ஃபான் டெம் புஷ்ஷே. அவரை அறிந்தோர் சிலரே. ஆகவே இன்று அவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

புஷ்ஷே 1919-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பிறந்தவர். தாயார் டென்மார்க் நாட்டவர். 1937-இல், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, போட்ஸ்டாமில் இருந்த ஒன்பதாம் காலாட்படையில் சேர்ந்தார். போலந்திலும் பிரான்ஸிலும் ரஷ்யாவிலும் போர் புரிந்தார், பலமுறை காயமுற்றார், வீரப் பதக்கங்கள் பெற்றார். அதுவரை அவர் சர்வாதிகாரியின் கட்டளைக்குப் பணிந்த ஆயிரக்கணக்கான அதிகாரிகளுள் ஒருவரே. இதை மறைத்துச் சொல்வது சரித்திரம் ஆகாது.

அவரை மாற்றியது ஒரே ஒரு நாள். 1942 அக்டோபர் 5. இன்றைய உக்ரேனில் உள்ள டுப்னோ என்னும் ஊரின் விமானத் தளத்தில் நீண்ட குழிகள் வெட்டப்பட்டிருந்தன. அவ்வூர் யூதர்கள், ஆண்களும் பெண்களும் குழந்தைகளும், ஆடை களையப்பட்டு வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தனர். ஒவ்வொருவராகக் குழிக்குள் இறங்கினர். முன்னரே இறந்து கிடந்தோர்மீது படுக்குமாறு பணிக்கப்பட்டுச் சுடப்பட்டனர். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாகப் புஷ்ஷே பின்னர் கூறினார். அதே நாளில் அங்கிருந்த ஹெர்மன் கிரேபே என்ற ஜெர்மானியப் பொறியாளரும் தாம் கண்டதை எழுதித் தந்தார்; 1946-இல் நியூரம்பர்க் நீதிமன்றத்தில் அது வாசிக்கப்பட்டது. எனவே இச்செய்தி ஒருவர் வாய்மொழி மட்டும் அன்று.

புஷ்ஷேவுக்கு அப்போது வயது இருபத்து மூன்று. மானமுள்ள அதிகாரிக்கு இனி மூன்று வழிகளே உண்டு என்று அவர் கருதினார்: போர்க்களத்தில் மடிவது, படையை விட்டு ஓடுவது, அல்லது இக்கொலைக்கு ஆணையிட்ட அரசை எதிர்த்துக் கிளம்புவது. ஆனால் 1934 முதல் ஒவ்வொரு சிப்பாயும் ஹிட்லரின் பெயரால் விசுவாசப் பிரமாணம் செய்திருந்தானே, அது என்னாவது? பிரமாணம் இருதரப்பையும் கட்டுப்படுத்துவது. தலைவன் அதை முறித்துவிட்ட பிறகு அது தம்மைக் கட்டாது என்பது அவர் முடிவு. அக்காலத்து அதிகாரிகளில் மிகப் பலர் இந்தக் கேள்வியிலேயே தயங்கி நின்றுவிட்டார்கள் என்பதை எண்ணினால், இம்முடிவின் கனம் விளங்கும்.

1943 இலையுதிர்காலத்தில் அவர் ஸ்டௌபன்பெர்க்கைச் சந்தித்தார். கிழக்குப் போர்முனைக்கான புதிய குளிர்காலச் சீருடைகளை ஹிட்லருக்குக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. போர்முனை அனுபவமும், நாஜிகள் போற்றிய நெடிய தோற்றமும் வாய்ந்த புஷ்ஷே அவற்றை விளக்கிக் காட்டப் பொருத்தமானவர். ஆடைக்குள் குண்டை மறைத்து, ஹிட்லரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருவருமாக வெடித்துச் சிதறுவது திட்டம். சில நிமிடங்கள் கழித்து வெடிக்கும் திரியை அவர் வேண்டாம் என்றார். ஹிட்லர் எந்தக் கணத்திலும் இடம் மாறக்கூடியவர் அல்லவா? கையெறி குண்டின் திரியையே கேட்டார். அது நான்கரை வினாடியில் வெடிக்கும். திரி எரியும்போது எழும் சீறலை இருமி மறைத்துவிடலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

நவம்பர் இறுதியில் கிழக்குப் பிரஷ்யாவின் தலைமையகத்துக்கு வந்து காத்திருந்தார். நாள்கள் நகர்ந்தன. சீருடைகள் வரவில்லை. அவற்றை ஏற்றிய ரயில் வண்டி பெர்லினில் நேச நாட்டு விமானத் தாக்குதலில் அழிந்துபோயிற்று! ஹிட்லரின் எதிரிகள் வீசிய குண்டே ஹிட்லரைக் காத்தது. புஷ்ஷே போர்முனைக்குத் திரும்பினார். 1944 ஜனவரி இறுதியில் படுகாயமுற்று ஒரு காலை இழந்தார். அதே சீருடைக் காட்சிக்கு இளம் அதிகாரி எவால்ட் ஃபான் கிளைஸ்ட் முன்வந்தார், அதுவும் நடைபெறவில்லை.

ஜூலை 20 முயற்சி தோற்றது. அன்றிரவே ஸ்டௌபன்பெர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது புஷ்ஷே, ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் நடத்திய ஹோஹென்லிகன் மருத்துவமனையில் படுத்திருந்தார். அவர் பெட்டியில் அந்தப் பழைய வெடிமருந்து அப்படியே இருந்தது! நண்பர் ஒருவர் பிறகு அதை எடுத்துச் சென்று ஏரியில் எறிந்தார். விசாரணைகளில் எவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. சதியாளர்களில் உயிர் தப்பிய மிகச் சிலருள் அவர் ஒருவரானார்.

போருக்குப் பின் கெட்டிங்கனில் சட்டம் பயின்றார். வாஷிங்டனில் ஜெர்மானியத் தூதரகத்தில் பணியாற்றினார். ஸாலெம் பள்ளிக்குத் தலைவராக இருந்தார். 1993-இல் காலமானார். உலகம் அவரை வீரர் என்று பாராட்டியபோதும், டுப்னோவில் தாம் வெறுமனே பார்த்து நின்றதை அவர் மறக்கவில்லை. அன்று தம் சீருடையைக் கழற்றிவிட்டு, அந்த வரிசையில் தாமும் சேர்ந்து நின்றிருக்க வேண்டும் என்றே பிற்காலத்தில் கூறினார்.