எந்த ஆண்டுக்குப் பழுதுபார்ப்பது? – சம்னர் நீதிமன்றத்தை முன்வைத்து

'பழுதுபார்ப்புக்காகத் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது.' அரசுக் கட்டடங்களின் கதவில் தொங்கும் வாசகங்களில் இதைவிட அப்பாவியானது வேறில்லை. கூரை ஒழுகுது, சுவர் விரிசல் விட்டிருக்கு, கொஞ்ச நாள் பொறுங்க – அவ்வளவுதான் அது சொல்ல வருவதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் மூடப்படுவது ஒரு பழைய நீதிமன்றம் என்றால் விஷயம் அத்தோடு முடிவதில்லை. எது பழுது? எந்த நிலைக்கு அதைத் திருப்பிக் கொண்டுவருவது? கட்டிய ஆண்டின் நிலைக்கா, இடையில் வந்த வேறொரு ஆண்டின் நிலைக்கா? கொத்தனாரிடம் விட்டுவிடக்கூடிய கேள்வி அல்ல இது. வரலாறு பற்றிய கேள்வி. ஆகவே அதிகாரம் பற்றிய கேள்வியும்கூட.

இந்தக் கேள்வி முகத்தில் அறைந்தாற்போல எழுந்த இடம் அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில் உள்ள சம்னர். சில நூறு பேர் வாழும் சிற்றூர். டாலஹாச்சி மாவட்டத்துக்கு இரண்டு தலைநகரங்கள்: ஒன்று சார்ல்ஸ்டன், மற்றது இது. பருத்தி வயல்களுக்கு நடுவே, ஊரின் நடுச்சதுக்கத்தில், மணிக்கூண்டு வைத்த செங்கல் நீதிமன்றம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாயில் கட்டியது. வாசலில் கான்ஃபெடரேட் போர்வீரனின் சிலை. அடிமைமுறையைக் காப்பதற்காகப் போரிட்டுத் தோற்ற தென்மாநிலப் படையின் நினைவாக 1913இல் நிறுவியது. அதாவது, நீதி கேட்டு உள்ளே போகிற எவரும் முதலில் அந்தச் சிலையைக் கடந்தாகவேண்டும்.

நான் அங்கே போனதில்லை. எனக்குத் தெரிந்த சம்னர் காகிதத்தில் இருக்கிற சம்னர். 1955 செப்டம்பரில் அங்கே நடந்த விசாரணையின் எழுத்துப் பதிவு நெடுங்காலம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. 2004இல் எஃப்.பி.ஐ. மறுபடி புலனாய்வு தொடங்கியபோதுதான் ஒரு படி கைக்குக் கிடைத்தது. நாட்டையே உலுக்கிய ஒரு வழக்கின் பிரதி அரை நூற்றாண்டு காணாமல் கிடந்திருக்கிறது. அதைத் தொலைந்துபோன காகிதக் கட்டு என்று மட்டும் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வழக்கு தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்மெட் டில், சிக்காகோவில் வளர்ந்த கறுப்பினச் சிறுவன், பதினான்கு வயது. உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தவன். மணி என்ற ஊரின் மளிகைக்கடையில் வெள்ளைக்காரப் பெண் ஒருவரிடம் வரம்பு மீறினான் என்று சொல்லி, ஆகஸ்ட் 28 விடியுமுன் அப்பெண்ணின் கணவர் ராய் பிரையன்ட்டும் அவருடைய தாய்வழி அரைச் சகோதரர் ஜே.டபிள்யூ. மைலமும் அவனை வீடு புகுந்து தூக்கிப்போனார்கள். மூன்று நாள் கழித்து ஆற்றில் உடல் மிதந்தது. பருத்தி ஜின்னிங் இயந்திரத்தின் கனமான இரும்பு விசிறியை முள்கம்பியால் கழுத்தோடு கட்டியிருந்தார்கள். தாய் மேமி டில் சிக்காகோவில் சவப்பெட்டியை மூடவிடவில்லை. என் பிள்ளைக்கு என்ன செஞ்சாங்கன்னு உலகம் பாக்கட்டும் என்பதே அவருடைய நிலைப்பாடு.

செப்டம்பர் 19 முதல் 23 வரை சம்னர் நீதிமன்றத்தின் மாடியில் விசாரணை. பன்னிரண்டு ஜூரிகள், பன்னிரண்டு பேரும் வெள்ளையர், ஆண்கள். இது தற்செயல் அல்ல. ஜூரிப் பட்டியல் வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். மாவட்ட மக்களில் அறுபது சதவீதத்துக்கும் மேல் கறுப்பர்கள்; அவர்களில் ஒருவர்கூட வாக்காளராகப் பதிவு பெற்றிருக்கவில்லை. பெண்கள் ஜூரியில் உட்கார மிஸிஸிப்பி 1968வரை அனுமதிக்கவில்லை. சட்டம் எங்கும் மீறப்படவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்கவேண்டும். எல்லாம் முறைப்படி நடந்தது. அந்த முறையே பழுது.

அறைக்குள் உட்காரும் ஒழுங்கும் ஒரு பிரதிதான். கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்கு ஒதுக்குப்புறமாக ஒரு சீட்டாட்ட மேசை. மிச்சிகனிலிருந்து வந்த நாடாளுமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸுக்கும் அங்கேதான் இடம், ஏனென்றால் அவர் கறுப்பர். ஷெரீப் ஸ்ட்ரைடர் அந்த மேசைக்காரர்களை இழிசொல் சொல்லியே வரவேற்றார். அதே ஷெரீப், கிடைத்த உடல் டில்லுடையது என்று சொல்லமுடியாது என்று எதிர்த்தரப்புக்காகச் சாட்சியும் சொன்னார். புலனாய்வு செய்யவேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர்களின் சாட்சி!

எனக்கு மிகவும் உறுத்தியது அழைப்புமுறை. சிறுவனின் தாத்தா முறை உறவினர் மோஸ் ரைட், 64 வயது, கூண்டேறுகிறார். அவரை விசாரிக்கும் அரசு வழக்கறிஞரே – அவர் தரப்பில் நிற்கவேண்டியவரே – 'அங்கிள் மோஸ்' என்கிறார். முறை சொல்லி அழைப்பது நமக்கு மரியாதை. அங்கே அது 'மிஸ்டர்' என்ற சொல்லைக் கறுப்பருக்குத் தராமலிருக்கச் செய்த ஏற்பாடு. அப்படி அழைக்கப்பட்ட மனிதர் எழுந்து நின்று, விரலை நீட்டி, அந்த அறையின் வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே மைலமை அடையாளம் காட்டினார். படமெடுக்கத் தடை இருந்தும் எர்னஸ்ட் விதர்ஸ் என்ற கறுப்பினப் புகைப்படக்காரர் அதைப் பிடித்துவிட்டார். பதினெட்டு வயது வில்லி ரீட், கொட்டகைக்குள்ளிருந்து அடியும் அலறலும் கேட்டதைச் சொன்னார். சாட்சி சொன்ன கையோடு இருவருமே ஊரைவிட்டு சிக்காகோ போகவேண்டியதாயிற்று.

ஜூரிகள் எடுத்துக்கொண்டது 67 நிமிடம். குளிர்பானம் குடிக்க நிற்காமலிருந்தால் இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஒருவர் பின்னால் சொன்னார். விடுதலை. 1956 ஜனவரியில் 'லுக்' பத்திரிகையில், பணம் வாங்கிக்கொண்டு, தாங்கள்தான் கொன்றோம் என்று இருவரும் சொன்னார்கள். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்க முடியாதல்லவா? சட்டம் அவர்களுக்குக் குடை பிடித்தது.

அதன்பின் நீண்ட மௌனம். சம்னரில் இதைப்பற்றி யாரும் பேசவில்லை. கல்வெட்டு இல்லை, பலகை இல்லை. எழுபதுகளில் நீதிமன்றத்தைப் புதுப்பித்தபோது அந்த அறையின் முகமே மாறிப்போனது. மறைக்கவேண்டும் என்று யாராவது திட்டமிட்டார்களா? தேவையே இல்லை. நவீனமாக்குகிறோம் என்றாலே போதும், அறை தன் நினைவை இழந்துவிடும். மறதிக்கும் ஒரு மராமத்து இலாகா உண்டு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கட்டடம் சீர்கெட்டுக் கிடந்தது. ஏழை மாவட்டம், கையில் காசில்லை. நீதிமன்றம் நிரந்தரமாக மூடிவிட்டால் அலுவல்கள் எல்லாம் சார்ல்ஸ்டனுக்குப் போய்விடும். நீதிமன்றம் போனால் ஊரும் போச்சு. அப்போது மாவட்ட ஆட்சிக்குழுவின் முதல் கறுப்பினத் தலைவர் ஜெரோம் லிட்டில். அவர் முயற்சியில் 2006இல் எம்மெட் டில் நினைவு ஆணையம் அமைந்தது. கறுப்பர் பாதி, வெள்ளையர் பாதி. சிலருக்கு டில்லின் நினைவு முக்கியம், சிலருக்குக் கட்டடம் முக்கியம். ஒழுகும் கூரைக்கு யாரும் நிதி தரமாட்டார்கள். எம்மெட் டில் வழக்கு நடந்த அறைக்குத் தருவார்கள். ஐம்பது ஆண்டாக எந்தப் பெயரை ஊர் வாயில் வராமல் பார்த்துக்கொண்டதோ, அந்தப் பெயர்தான் கடைசியில் ஊரின் கூரையைத் தாங்கவேண்டி வந்தது. நினைவும் பணமும் இப்படிப் பின்னிக்கிடப்பதை டேவ் டெல் 2019இல் வந்த தன் நூலில் விரிவாகவே ஆராய்கிறார்.

2007 அக்டோபர் 2 அன்று, அதே சிலை நிற்கும் வாசலில், வழக்கில் நீதி பயங்கரமாகத் தவறியது என்ற பிரகடனம் டில் குடும்பத்தார் முன் வாசிக்கப்பட்டது. பின்னர் புனரமைப்பு. எந்த ஆண்டுக்கு? கட்டிய ஆண்டுக்கு அல்ல. 1955க்கு. அவமானம் நிகழ்ந்த அறையையே மறுபடி கட்டினார்கள். அதை அருங்காட்சியகமாக்கிக் கயிறு கட்டிவிடவும் இல்லை. வழக்குகள் அதே அறைக்குத் திரும்பின. 2023 ஜூலை 25, டில்லின் பிறந்தநாளில், அது தேசிய நினைவிடத்தின் ஒரு பகுதியானது.

ஒரு சங்கடத்தையும் சொல்லியாகவேண்டும். 1955ஐ அச்சுஅசலாக நிறுத்திவைக்கும்போது, 'அது அந்தக் காலம்' என்று சொல்லித் தப்பிக்கவும் வழி கிடைக்கிறது. ஆனால் உடல் கிடைத்ததாகக் கருதப்படும் ஆற்றங்கரையில் 2008இல் வைத்த பலகையைத் திருடினார்கள். அடுத்தடுத்து வைத்தவற்றைத் துப்பாக்கியால் துளைத்தார்கள். 2019இல் குண்டு துளைக்காத பலகை வைக்கவேண்டியதாயிற்று. குண்டு துளைத்த பலகை சொல்வதைப் புதுப்பித்த அறை சொல்லாது. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

இருந்தாலும் சம்னரின் தேர்வை நான் மதிக்கிறேன். 1955இல் அந்தக் கட்டடத்தில் செங்கல் பழுதில்லை, கூரை பழுதில்லை. மணிக்கூண்டின் கீழே எல்லாம் ஒழுங்காக இருந்தபோதுதான் ஒரு கொலைக்கு விடுதலை கிடைத்தது. அடுத்தமுறை ஒரு பழைய நீதிமன்றத்தின் கதவில் அந்த அப்பாவி வாசகத்தைப் பார்க்கும்போது, எவ்வளவு செலவு, எப்போது திறப்பீங்க என்று கேட்பதோடு நின்றுவிடவேண்டாம். எந்த ஆண்டுக்குப் பழுதுபார்க்கிறீர்கள், அந்த அறையில் யாருடைய சாட்சியம் எடுபடாமல் போனது என்பதையும் கேட்போம்.