மோரிஸ் வயலின் பார்லி

புள்ளியியலுக்கான கணினி மொழிகளின் வரலாற்றைப் பேசும்போது கணக்கிடும் வேகம்தான் முன்னால் வந்து நிற்கும். எஸ் மொழியும் அதன் வழிவந்த ஆர் மொழியும் செய்த பெரிய காரியம் வேகத்தில் இல்லை என்பது என் வாதம். தரவின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, மற்றப் பகுதிகளின் அருகிலேயே வைத்துப் பார்ப்பதை அவை அன்றாட வேலையாக்கின. நியூஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் 1976-இல் ஜான் சேம்பர்ஸ், ரிக் பெக்கர் முதலியோர் எஸ் மொழியைத் தொடங்கிய காலத்தில், ஆய்வாளர்கள் ஃபார்ட்ரான் துணைநிரல்களைக் கோத்தே கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு புதுக் கேள்விக்கும் புது நிரல் எழுத வேண்டியிருந்தது. எஸ் மொழியிலோ தரவின் பெயரை அடுத்துச் சதுர அடைப்புக்குள் ஒரு நிபந்தனையை எழுதினால், அதற்குப் பொருந்தும் மதிப்புகள் மட்டும் வந்துவிடும். வந்ததை உடனே படமாகவும் வரையலாம்.

இந்த வசதி எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு பார்லிச் சோதனை காட்டுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1931, 1932 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஆறு இடங்களில் பத்து ரகங்களைப் பயிரிட்டார்கள். மொத்தம் 120 விளைச்சல் எண்கள். இம்மரும் சக ஆய்வாளர்களும் 1934-இல் அவற்றை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ரொனால்ட் ஃபிஷர் பத்தில் ஐந்து ரகங்களின் எண்களைச் சோதனை வடிவமைப்பு பற்றிய தம் நூலில் சேர்த்தார். புள்ளியியலில் இதைவிடப் புகழ்பெற்ற அட்டவணைகள் குறைவு. ஆனால் 1993-இல் வில்லியம் கிளீவ்லேண்ட் வெளியிட்ட படம் அதில் புதிதாக ஒன்றைக் காட்டியது. இடத்துக்கு ஒன்றாக ஆறு கட்டங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல். ஆண்டுக்கு ஒரு குறி. கட்டங்கள் நின்றது அகரவரிசையில் அல்ல, விளைச்சல் வரிசையில். ஐந்து கட்டங்களில் 1931 முந்தியிருந்தது. மோரிஸ் என்ற இடத்தில் மட்டும் 1932 முந்தியிருந்தது. அங்கே இரண்டு ஆண்டுகளின் எண்களும் இடம் மாறிப் பதிவாகியிருக்க வேண்டும் என்று கிளீவ்லேண்ட் முடிவு செய்தார்.

மோரிஸை மட்டும் தனியாகப் பிரித்து வரைந்திருந்தால் இந்தச் சந்தேகமே எழுந்திராது. 1932 அங்கே நல்ல விளைச்சல் ஆண்டு என்று சொல்லிக் கடந்திருப்பார்கள். சதுர அடைப்பின் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு பிடிக்காததைத் தள்ளவும் அதே ஒரு வரி போதும். பெல் ஆய்வகத்தில் கிளீவ்லேண்டும் பெக்கரும் உருவாக்கிய டிரெல்லிஸ் முறை இதற்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. படத்துக்கான சூத்திரத்தில் ஒரு செங்குத்துக் கோட்டை இட்டு அதன் பின் இடத்தைக் குறித்தால், எந்த இடமும் விடுபடாமல் எல்லாவற்றுக்கும் கட்டம் வந்துவிடும். ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கி, 1995-இல் கட்டற்ற மென்பொருளாக்கிய ஆர் மொழிக்கு, தீபாயன் சர்க்கார் இதே முறையை லாட்டிஸ் என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தார்.

கிளீவ்லேண்டின் முடிவு தவறாக இருக்கலாமே என்று கேட்கலாம். கெவின் ரைட் 2013-இல் அதைத்தான் வாதிட்டார். பழைய அறிக்கைகளிலிருந்து 1927 முதல் 1936 வரையிலான விளைச்சலைத் திரட்டி, ஓர் இடம் மற்ற இடங்களுக்கு எதிர்த்திசையில் போவது அரிதல்ல, இயல்பான மாறுபாடே போதும் என்று காட்டினார். எனக்கும் அவர் சொல்வதே வலுவாகப் படுகிறது. ஆனால் என் வாதத்தை அது தளர்த்தவில்லை. கிளீவ்லேண்டின் படம் கேள்வியை எழுப்பியது. அதற்கான விடை அந்த 120 எண்களுக்குள் இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளே ஒரு நீண்ட தொடரிலிருந்து யாரோ பிரித்தெடுத்த பகுதிதான். விடுபட்ட ஆண்டுகளைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த பிறகே மோரிஸின் விளைச்சல் புரிந்தது. தற்செயலான ஏற்ற இறக்கத்திலும் கண் ஒழுங்கைத் தேடும் என்ற எச்சரிக்கையும் நியாயமானதே. அதற்கும் மருந்து இன்னும் அதிகமான கட்டங்கள்தான். லாட்டிஸ் தொகுப்பில் இன்றும் கூடவே வருவது அந்த இரண்டு ஆண்டுத் தரவு. ரைட் தம் அக்ரிடாட் தொகுப்பில் பத்தாண்டு விளைச்சலையும் அதனோடு வானிலைப் பதிவுகளையும் சேர்த்திருக்கிறார். மாணவர்களுக்குப் பார்லியைக் கற்பிப்பவர்கள் இரண்டையும் ஒருசேரத் திறக்க வேண்டும்.